பிக்கப் வண்டிக்கு மட்ஃபிளாப் வேண்டுமா?

புதிதாக பிக்கப் வண்டி எடுத்தவர்கள் பலர் மட்ஃபிளாப் மாட்டலாமா என்று யோசிக்கிறார்கள். ஜல்லி, செம்மண் பாதையில் ஓடும் வண்டி என்றால் கட்டாயம் மாட்டுங்கள். முன் டயர் வாரியடிக்கும் பொடிக்கல் கதவின் அடிப்பகுதியில்தான் போய் விழும். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் தண்ணீர் பட்டால் துரு ஏறும். பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தில் சேறடிக்க விட எனக்கு மனசு கேட்காது.

மாட்டும்போது அளவு முக்கியம். லோடு ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கி, பின்பக்கம் இறங்கும். காலி வண்டியில் அளவெடுத்துத் தொங்கவிட்டால் ரப்பர் தரையில் உரசும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, முன் டயர் உரசுகிறதா பாருங்கள். துளை போட்டால், அந்த விளிம்பில் பெயிண்ட் தடவிய பிறகே ஸ்குரூ முடுக்கச் சொல்லுங்கள்.