சரித்திரம் சொல்லித்தர நம் பிள்ளைகள் வரட்டும்!

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் போனஸ், பஞ்சப்படி, கூலி உயர்வு பற்றித்தான் பேச்சு இருக்கும். இன்று நான் பேச வந்திருப்பது பள்ளிக்கூடத்தைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், அல்லது ஒருத்தி, உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக வேண்டுமானால் என்ன படிக்க வேண்டும்? அந்தப் பாதையில் யார் யார் குறுக்கே நிற்கிறார்கள்?

இது ஒரு குடும்பத்தின் உத்தியோகப் பிரச்னைதானே, இதற்கு எதற்குக் கூட்டம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். அப்படி அல்ல. ஏன் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாளில் சரித்திரம், பூகோளம் என்று தனித்தனியாகப் படித்தோம். இன்று ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் என்று ஒரே பாடம். அதற்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு பகுதிகள். மன்னர்கள் முதல் அரசியல் சட்டம் வரை, மழை முதல் வரி வரை எல்லாம் இதில் அடக்கம். கணக்கு வாத்தியார் யாராக இருந்தாலும் இரண்டும் இரண்டும் நான்குதான். ஆனால் சரித்திர வாத்தியார் யார் என்பதைப் பொறுத்து, பிள்ளை கற்பது மாறிவிடும்.

1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனார் அவர்களுக்குத் துணை நின்றார். 1918இல் சென்னையில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் நால்வர் தூக்கிலேறினார்கள். 1952இல் தஞ்சைப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் கருகின. இவையெல்லாம் சரித்திரம் இல்லையா? பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை ஒரு மணி நேரப் பாடமாக விரிப்பதும், அந்த ஒரு வரியையும் தாண்டிப் போய்விடுவதும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பது வர்க்கப் பிரச்னை.

சரி, பாதைக்கு வருவோம்.

முதல் கதவு: பட்டம்

பிளஸ் டூ முடிந்ததும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு. இங்கேதான் நம் பிள்ளைகள் முதல் தடவை ஏமாறுகிறார்கள். சமூக அறிவியலில் பொருளியலும் இருக்கிறதே, குடிமையியலும் இருக்கிறதே என்று நினைத்து, கிடைத்த கல்லூரியில் பொருளாதாரமோ அரசியல் விஞ்ஞானமோ எடுத்துவிடுகிறார்கள். மூன்று வருஷம் கழித்து ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடும்போதுதான் விஷயம் தெரிகிறது. தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளியின் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பதவிக்கு வரலாறு அல்லது புவியியலைப் பிரதான பாடமாகப் படித்திருக்க வேண்டும். பொருளாதாரம் படித்தவர் எம்.ஏ.யும் முடித்த பிறகே பி.எட். சேர முடியும். அப்புறமும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர் வேலைக்குத்தான் முயல வேண்டும். யாரும் சொல்லவில்லை என்பதற்காக இரண்டு வருஷம் வீண்!

ஆகவே, கல்லூரி மனுவை நிரப்பும் முன்பே இதை மனதில் கொள்ளுங்கள்: வரலாறு அல்லது புவியியல். இன்னொன்று. பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரே பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டம் இந்தப் பாதைக்கு உதவாது.

மதிப்பெண்ணும் கவனிக்க வேண்டிய விஷயம். பி.எட். சேர, பட்டப் படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 என்று தமிழ்நாட்டில் வைத்திருக்கிறார்கள். பாஸ் செய்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இந்த நாலைந்து மதிப்பெண்தான் தலையெழுத்தை மாற்றுகிறது.

இரண்டாவது கதவு: ஆசிரியர் பயிற்சி

பட்டத்துக்குப் பிறகு பி.எட். முன்பு இது ஓராண்டுப் படிப்பு. மத்திய சர்க்காரின் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் விதிகளை மாற்றியது. 2015 முதல் இரண்டாண்டு ஆயிற்று. பயிற்சி நன்றாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. மனித உயிரோடு பழகுகிற டாக்டருக்கு ஐந்தரை வருஷம் என்றால், மனித மனத்தோடு பழகுகிற ஆசிரியருக்கு இரண்டு வருஷம் அதிகமல்ல. ஆனால் கூடுதலான அந்த ஒரு வருஷத்தின் செலவை யார் தலையில் கட்டினார்கள்? அதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழு. அரசு உதவி பெறுபவை பதினான்கு. இந்த இருபத்தொன்றிலும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துச் சுமார் 2,000 இடங்கள். இவற்றில் தரவரிசைப்படி, இட ஒதுக்கீட்டின்படி சேர்க்கிறார்கள், கட்டணமும் குறைவு. மற்றவையெல்லாம் தனியார் கல்லூரிகள், நூற்றுக்கணக்கில். அங்கே கட்டணத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்றாலும், கட்டட நிதி, பயிற்சி நிதி, ரெக்கார்டு நோட்டுக்கு என்று வேறு பெயர்களில் கேட்பது உண்டு. எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். 'வகுப்புக்கு வர வேண்டாம், பணம் கட்டினால் போதும்' என்று சொல்கிற இடத்தை நெருங்கவே வேண்டாம். அங்கே படித்தவன் பின்னால் வரும் பரீட்சையில் தடுமாறுவான். வகுப்பறையில் அதைவிட அதிகமாகத் தடுமாறுவான்.

பயிற்சியில் என்ன கற்பிக்கிறார்கள்? குழந்தையின் மனவளர்ச்சி, இந்தியக் கல்வியின் நிலைமை, பாடத்தைத் திட்டமிட்டு நடத்தும் முறை, தேர்வும் மதிப்பீடும். இவற்றோடு இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இருபது வாரம் பள்ளியில் நேரடிப் பயிற்சி. இதில் பெரும்பகுதி, பதினாறு வாரம், இரண்டாம் ஆண்டில் வருகிறது. அந்த நாட்களில் பயிற்சி மாணவர் ஓர் ஆசிரியர் போலவே பாடம் நடத்துகிறார், நோட்டுத் திருத்துகிறார், வரைபடம் எழுதி எடுத்துப் போகிறார். ஆனால் அதற்குச் சம்பளமோ படியோ இல்லை. தொழிற்சாலையில் அப்ரண்டிஸுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று 1961இலேயே சட்டம் வந்தது. ஆசிரியப் பயிற்சியாளர் மட்டும் பஸ் காசையும் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டுமாம்! நாற்று நடவுக்குப் போய்த் தன் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்ட பெண், அந்தப் பதினாறு வாரம் என்ன செய்வாள்?

பாடம் நடத்துவது எப்படி?

பயிற்சியின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வரலாற்றுப் பட்டதாரி கல்லூரியில் மூன்று வருஷம் வரலாறு படித்திருப்பார். வகுப்பில் அவரே புவியியலும் நடத்த வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை சொல்ல வேண்டும். புவியியல் பட்டதாரி சுதந்திரப் போராட்டம் நடத்த வேண்டும். ஆகவே படிக்காத பாதியைத் தானே தேடிப் படிப்பவர்தான் நல்ல ஆசிரியராக முடியும். ஆறாவது முதல் பத்தாவது வரையுள்ள சமூக அறிவியல் புத்தகங்கள் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். இதற்குப் பெரிய நூலகம் தேவையில்லை.

இதில் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரிய மூலதனம் இருக்கிறது. பணக்கார வீட்டில் இல்லாத மூலதனம். பாசனத்தைப் பற்றிப் பாடம் என்றால், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். தொழிற்சாலைச் சட்டம் என்றால், 1948ஆம் ஆண்டுச் சட்டம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலையும் மிகை நேரக் கூலியும் என்னவென்று அப்பாவின் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. விலைவாசி என்றால், ரேஷன் கடை வரிசை இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இந்த இரண்டையும் ஒரு செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் நடத்தினால் வகுப்பில் எந்தப் பிள்ளை தூங்கும்? புத்தகத்தில் உள்ளதை ஊரில் காட்டவும், ஊரில் உள்ளதைப் புத்தகத்தில் காட்டவும் தெரிந்தவரே சமூக அறிவியல் ஆசிரியர்.

மூன்றாவது, நான்காவது கதவுகள்

பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருஷம் படித்தாயிற்று. வேலை கிடைத்ததா? இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதைத் தொடர்ந்து 2010இல் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. பட்டதாரி ஆசிரியருக்கு இரண்டாம் தாள்: 150 கேள்விகள். அதில் 60 சமூக அறிவியல். மீதி குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம் தலா 30.

தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை! ஆறரை லட்சம் பேரும் மூடர்களா? 150 கேள்விகளுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. கூக்குரல் எழுந்த பிறகு அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்து மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். எதிர்ப்பு இல்லாவிட்டால் அந்த ஒன்றரை மணியும் நியாயம் என்றே சாதித்திருப்பார்கள்.

அதோடு முடிந்ததா? தகுதித் தேர்வில் தேறி வேலைக்குக் காத்திருந்தவர்களிடம், 2018 ஜூலையில் அரசாணை 149 வந்து, 'இன்னொரு போட்டித் தேர்வு எழுது' என்றது. அந்தப் போட்டித் தேர்வு நடந்ததோ 2024 பிப்ரவரியில்! எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் இடங்கள். மனுச் செய்தவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். 2013இல் தேறியவர் பதினோரு வருஷம் காத்திருந்தார். இடையில் 2022இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பியபோது, பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றார்கள். இரண்டு பட்டம் படித்தவருக்கு ஒப்பந்தக் கூலி! ஆலையில் காண்ட்ராக்ட் முறை எதற்காக வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் அதே முறைதான்.

வேலையில் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று கூறியது. இருபது வருஷம் பாடம் நடத்தியவர் மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

புதிதாக வரும் கதவு

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் பட்டமும் பயிற்சியும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. ஐந்து வருஷம் நான்கு ஆவது ஓராண்டு மிச்சம்தானே என்று கேட்கலாம். மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் நுழைய அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு. கோச்சிங் கடைக்குப் பணம் கட்டுகிறவன் முன்னே போவான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய கூலிக்காரன் மகன் பின்னே நிற்பான். ஆசிரியப் பயிற்சி மட்டும் தரும் கல்லூரிகள் பல பாடக் கல்லூரிகளாக மாற வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. அப்படியானால் நம் ஏழு அரசு கல்லூரிகளின் கதி என்ன?

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே! கதவுகளைப் பார்த்துப் பயந்து திரும்புவதற்காக இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எட்டு மணி நேர வேலையும் ஒரு காலத்தில் மூடிய கதவுதான். இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்வோம்.

ஒன்று, நம் கையில் உள்ளது. பிளஸ் டூ முடிவு வருகிற வாரத்தில் ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் விவரம் தெரிந்த ஓர் ஆசிரியத் தோழரை உட்கார வைப்போம். மனு நிரப்பித் தருவோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் பட்டப் படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதைத் தவறவிடாமல் வாங்கித் தருவோம். சங்கப் படிப்பகத்தில் ஆறாவது முதல் பத்தாவது வரை பாடப்புத்தகங்களை வாங்கி வைத்து, தகுதித் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்துவோம்.

இரண்டு, போராடிப் பெற வேண்டியது:

1. காலியான ஆசிரியர் இடங்களை ஆண்டுதோறும் நிரந்தரமாக நிரப்பு! தற்காலிக நியமனத்தைக் கைவிடு!

2. பள்ளிப் பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை கொடு!

3. அரசு கல்வியியல் கல்லூரிகளையும் விடுதிகளையும் பெருக்கு!

4. தகுதித் தேர்வில் தேறியவருக்கு மீண்டும் ஒரு போட்டித் தேர்வு என்பதை ரத்துச் செய்!

5. ஆசிரியர் படிப்புக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வைத் திணிக்காதே!

இந்தக் கோரிக்கைகளை ஆசிரியர் சங்கங்கள் மட்டும் எழுப்பினால் போதாது. ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் அவை ஒலிக்க வேண்டும். நம் சரித்திரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, நம் பிள்ளைகளே கரும்பலகை முன் நிற்கும் நாள் வரவேண்டும். அதற்காக ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!