அறுவைச் சிகிச்சையும் கல்லீரலும்

குடலிறக்கத்திற்கோ பித்தப்பைக் கல்லுக்கோ அறுவைச் சிகிச்சை என்றால், எந்த நாள், எவ்வளவு செலவு என்று கேட்கிறோம். கல்லீரல் எந்நிலையில் உள்ளது என்று கேட்பவர் சிலரே.

இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களுள் பெரும்பாலானவற்றை ஆக்குவதும், மருந்துகள் பலவற்றைச் சிதைப்பதும் கல்லீரலே. அது தழும்பேறிச் சுருங்கிய உடலில் சிறிய அறுவையும் பெருந்துன்பமாகலாம்.

அவ்வபாயத்தை அளக்க, 1964-இல் சைல்டு, டர்க்காட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ஒரு முறை வகுத்தனர். 1973-இல் இலண்டனில் பியூ என்பவரும் துணைவரும் அதனைத் திருத்தினர். இரத்தத்தில் பிலிருபின், அல்புமின் அளவுகள், இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர்க்கோவை, அறிவுக் கலக்கம் ஆகிய ஐந்திற்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5, 6 எனில் பெரும்பாலும் துணியலாம். 7 முதல் 9 வரை எனில் முதலில் உடலைத் தேற்றவேண்டும். 10 முதல் 15 வரை எனில், உயிர்காக்கும் அவசரம் இல்லாத அறுவையைத் தவிர்ப்பதே முறை.

ஆகவே, முன்பு வந்த காமாலையையும் மதுப்பழக்கத்தையும் மானங்கருதி மறைக்காதீர்கள். நம் காலனியில் அடுத்த வீட்டார் அறியாதிருக்கலாம். கத்தியை ஏந்துபவர் அறிந்தே தீரவேண்டும்.