அரைப் புள்ளி

கணக்கு ஆசிரியரான என்னைச் சதுரங்கம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நடுவராக இருந்து நான் தவறாகத் தீர்ப்புச் சொன்ன ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்து ஒரு போட்டி நடத்தினோம். எல்லாப் பலகைகளும் முடிந்து ஒன்று மட்டும் நீண்டது. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையனிடம் வெள்ளை ராஜாவும் ஒரு சிப்பாயும். குன்னம் பக்கத்து எட்டாம் வகுப்பு மாணவியிடம் கறுப்பு ராஜா மட்டும். பையன் சிப்பாயை இ7 கட்டத்துக்குத் தள்ளிச் செக் வைத்தான். கறுப்பு ராஜா இ8-க்கு வந்து வழியை அடைத்தது. சிப்பாயைக் காப்பாற்ற வெள்ளை ராஜாவை இ6-க்குக் கொண்டுவந்தான். இப்போது கறுப்புக்கு நகர ஒரு கட்டமும் இல்லை, செக்கும் இல்லை.

நான் பையன் வென்றதாக எழுதிவிட்டேன். சிறுவயதில் திண்ணையில் நாங்கள் ஆடிய ஆட்டத்தில், நகர முடியாத ராஜா தோற்ற ராஜாதான். அந்தப் பெண் எழுந்து நின்று, "சார், செக் இல்லாமல் நகர முடியாமல் போனால் டிராதானே?" என்றாள். குரல் நடுங்கியது. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதே சரி. எல்லார் முன்னிலும் அடித்துத் திருத்தி, ஆளுக்கு அரைப் புள்ளி போட்டேன்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. இருவரும் நகர்வுகளை எழுதி வைத்திருந்ததால், அந்தத் தாளை வைத்தே மறுபடி ஆடிப் பார்த்தோம். அவன் சிப்பாயை அவசரமாக ஓட்டியிருக்கிறான். ராஜா முன்னே போய் ஆறாம் வரிசையைப் பிடித்து, சிப்பாய் பின்னால் வந்திருந்தால் அவனுக்கே வெற்றி. இதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான்!

சிங்கப்பூரில் 2024-இல் நம் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆடிய 14 ஆட்டங்களில் 9 டிரா. டிசம்பர் 12 அன்று நடந்த கடைசி ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போனது. 55-ஆவது நகர்வில் டிங் யானைகளை வெட்டுக்கு விட்டார். பிறகு மந்திரிகளும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அவர் உலக சாம்பியன் ஆனார். அந்தக் கடைசி நகர்வுகளை மறுவாரம் வகுப்பில் ஆடிக் காட்டினேன்.

நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். முடிவு தெரிய வேண்டுமென்று நிறம் மாற்றி இன்னோர் ஆட்டம் வைத்தோம். அதுவும் டிரா. மூன்றாவதுக்குக் காய்களை அடுக்கும்போதே ஜெயங்கொண்டம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.