மாஹுல் கரையில் எரியும் நிலக்கரி

தாராவியில் இட்லி வியாபாரம் விடியுமுன்பே தொடங்கிவிடும். முந்தின நாள் கிரைண்டரில் அரைத்த மாவு இரவெல்லாம் புளித்து, அதிகாலையில் கொப்பரையில் வெந்து, அலுமினியப் பாத்திரத்தில் ஏறி, சைக்கிள் கேரியரில் மாட்டுங்கா, சயான் என்று புறப்பட்டுப் போகும். அந்தக் கிரைண்டரைச் சுழற்றும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? பில் 'பெஸ்ட்' பெயரில் வரும். பஸ் ஓட்டும் அதே பெஸ்ட்தான். ஆனால் பெஸ்ட் மின்சாரத்தை வாங்கி விற்கிற நிறுவனம். அது பல பத்தாண்டுகளாக வாங்கி வருவது பெரும்பாலும் டாடாவிடம். டாடா அதில் பெரும்பங்கை உற்பத்தி செய்வது ட்ராம்பேயில், செம்பூருக்குத் தெற்கே, மாஹுல் கடற்கரையில். தாராவியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் ஆறேழு கிலோமீட்டர்தான்.

மும்பையில் டாடாவின் மின்சாரக் கதை புகையில் தொடங்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1915இல் கோபோலியில் டாடாவின் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதுவரை பரேல், லால்பாக் பஞ்சாலைகள் ஆளுக்கொரு புகைபோக்கி வைத்து நிலக்கரி எரித்துக்கொண்டிருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீர் அந்தப் புகையில் ஒரு பங்கைக் குறைத்தது. பிறகு நகரம் வளர்ந்தது, மழைநீர் போதவில்லை. 1954இல் உலக வங்கி கடன் கொடுத்தது. 1956இல் ட்ராம்பே அனல்மின் நிலையம் வேலையைத் தொடங்கியது. பக்கத்திலேயே இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன, பின்னால் உர ஆலையும் வந்தது. உப்பளமும் கோலி மீனவர்களுமாக இருந்த இடம் இப்படித்தான் மாறியது. செம்பூர்க்காரர்கள் தங்கள் பேட்டையைக் 'கேஸ் சேம்பர்' என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். கேலி என்றாலும் இருமிக்கொண்டே செய்த கேலி.

முதல் யூனிட்டுகள் காலாவதியாகி நின்றுவிட்டன. இன்று முதுகெலும்பு ஐந்தாம் யூனிட். 500 மெகாவாட், 1984இல் வந்தது. நாட்டிலேயே அந்த அளவில் அதுதான் முதல் யூனிட், அந்தக் காலத்தில் அது பெருமை. 2009இல் 250 மெகாவாட் எட்டாம் யூனிட் சேர்ந்தது. இரண்டும் நிலக்கரியில் ஓடுகின்றன. இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வந்து, நடுக்கடலில் பார்ஜுக்கு மாறி, நிலையத்தின் சொந்தத் துறைக்கு வந்து இறங்கும் கரி. சாம்பலும் கந்தகமும் குறைந்த ரகம். மிச்சமிருக்கும் கந்தக வாயுவைக் கடல்நீரில் கழுவும் ஏற்பாடும் உண்டு. இதையும் சொல்லத்தான் வேண்டும். எண்ணூரோடு ஒப்பிட்டால் ட்ராம்பே எவ்வளவோ மேல்.

சரி, எரிகிற கரியில் எவ்வளவு கரண்டாகிறது? இந்த வயதுடைய நிலையங்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு அளவில்தான். மீதி எங்கே? இட்லிக் கொப்பரை மூடியைத் திறக்கும்போது கையில் சுளீரென்று படும் ஆவியை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிகலனில் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் உருவாகும் நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. சுழற்றி முடித்ததும் அது மறுபடி தண்ணீராக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் ஓடாது. அப்போது அது விட்டுவிடும் வெப்பம் இருக்கிறதே, அதுதான் பெரும்பங்கு. கழிமுகத்திலிருந்து இழுக்கும் கடல்நீர் அதை வாங்கிக்கொண்டு, சூடாகித் திரும்பக் கடலுக்கே போகிறது.

குளிர்நாடுகளில் இதை வீணாக்குவதில்லை. ஹெல்சிங்கி நகரத்தில் நிலக்கரி நிலையங்கள் கரண்டும் கொடுத்தன, வெப்பத்தைக் குழாய் வழியாக வீடுகளுக்கும் அனுப்பின. எரிபொருளின் பலனில் எண்பது சதவீதத்துக்கு மேல் கையில் நின்றது. அங்கேயே இப்போது அவற்றை மூடிவிட்டார்கள்: ஹனசாரி நிலையத்தை 2023இல், கடைசியாக மிஞ்சிய சல்மிசாரியை 2025இல். வெப்பத்துக்கு மின்சாரக் கொதிகலன், ஹீட் பம்ப், மரக்கழிவு என்று வேறு வழி தேடிக்கொண்டார்கள். நம் ஊரிலும் இந்த வித்தை புதிதல்ல. தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து, அந்த நீராவியிலேயே கரண்ட் எடுத்து, மிச்ச ஆவியில் சாறு காய்ச்சுகிறார்கள். ட்ராம்பேயின் கடைசி வெப்பமோ நாற்பது டிகிரி அளவுதான், அதை வைத்து எந்த ஆலையும் எதையும் காய்ச்ச முடியாது. பயனுள்ள சூட்டில் ஆவி வேண்டுமென்றால் டர்பைனின் நடுவிலேயே உருவி எடுக்க வேண்டும், அதைக் கட்டும்போதே திட்டமிட வேண்டும். வருடம் முழுக்க வியர்க்கும் மும்பையில் வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் போடுவதைப் பற்றிப் பேசவும் யாருமில்லை.

அப்படியானால் கிழடு தட்டிய இந்த நிலையத்தை மூடிவிடலாமே? மூடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். பெஸ்டுடனான மின்சார ஒப்பந்தம் 2024 மார்ச்சோடு முடிய வேண்டியது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை 2029 மார்ச் வரை நீட்டித்தது. மும்பை வட்டாரத்தில் பெருகும் தரவு மையங்களின் பசிதான் காரணம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. பாதி உண்மை. மீதிப் பாதி கம்பிகளில் இருக்கிறது. மும்பை மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நகரம். வெளியிலிருந்து கரண்ட் கொண்டுவரும் உயரழுத்தப் பாதைகளுக்கு இடம் கிடைப்பது பெரும்பாடு; திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 400 கிலோவோல்ட் கார்கர்-விக்ரோளி பாதையே 2023இல்தான் வந்தது. பாதை போதாத ஊர் உள்ளூர் அடுப்பை அணைக்கத் துணியாது.

2020 அக்டோபர் 12 அன்று அந்தப் பயம் நிஜமானது. காலை பத்து மணி வாக்கில் மும்பை இருண்டது. லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. கொரோனா காலம் வேறு, ஆஸ்பத்திரிகள் ஜெனரேட்டரை நம்பி நின்றன. வெளிக்கம்பி அறுந்தால் நகரம் தன் சொந்த நிலையங்களை வைத்துத் தனித்தீவாகப் பிழைக்கும் என்பது 1980களிலிருந்து இருந்துவந்த ஏற்பாடு. அன்று அது கைகொடுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, உள்ளூர் நிலையத்தை மூடலாம் என்று வாய் திறப்பது யாருக்கும் சுலபமாக இல்லை.

இந்தத் தயக்கத்தின் விலை மாஹுலில் தெரியும். குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களை மாஹுலில் கட்டிய எழுபத்திரண்டு கட்டடங்களுக்கு மாநகராட்சி அனுப்பியது. அந்தப் பகுதிக் காற்று மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே சொல்லியிருந்தது. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம், இனி அங்கே யாரையும் அனுப்பாதே, போக மறுப்பவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்றது. 2020இல் தீர்ப்பாயம் அபராதம் விதித்தது எண்ணெய் ஆலைகள் மீதும் ரசாயனக் கிடங்குகள் மீதும்தான், மின் நிலையத்தின் மீது அல்ல. நியாயமாகப் பார்த்தால் மாஹுல் காற்றின் பழியை ஒரே புகைபோக்கியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் காற்றை ஆலைவாரியாகப் பிரித்து மூச்சிழுக்க யாராலும் முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

தாராவிக்காரர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 'தகுதி இல்லை' என்று கணக்காகும் குடும்பங்கள், குறிப்பாக மாடியில் குடியிருப்பவர்கள், தாராவிக்கு வெளியே போக வேண்டிவரும். அந்த வீடுகளுக்காக தேவ்நார் குப்பைமேட்டில் 124 ஏக்கரை மாநில அமைச்சரவை 2024இல் ஒதுக்கியது. தேவ்நார் வேறு, மாஹுல் வேறு, தூரமும் இருக்கிறது. ஆனால் எவரும் விரும்பாத நிலத்தில் எவரைக் கொண்டு போய் வைப்பது என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றேதான்.

2029 வந்தால் எட்டாம் யூனிட்டுக்கு இருபது வயதுதான் ஆகியிருக்கும். இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம் என்ற வாதம் கட்டாயம் எழும். பெஸ்ட் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது மின்சார ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது, அறிவிப்பு நாளேடுகளில் வருகிறது. அங்கே போய்ப் பேச வக்கீல் வேண்டாம், மின் நுகர்வோராக இருந்தால் போதும். தாராவியில் மீட்டர் வைத்திருக்கும் எவரும் அங்கே போய், எங்கள் கரண்ட் எந்தக் கரியில் வருகிறது, எத்தனை நாளைக்கு என்று கேட்கலாம். இட்லிக் கடைக்காரரும் கேட்கலாம்.