பழைய புத்தகமும் அன்றில் பறவையும்

1900-இல் திறக்கப்பெற்று 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில், அட்டை கிழிந்து, செல்லரித்து, ஓரங்களில் யாரோ ஒரு ரசிகர் பென்சிலால் செடிப் பெயர்களைக் குறித்து வைத்த பத்துப்பாட்டுப் பிரதி ஒருவருக்கு அகப்பட்டிருக்குமாயின், அவர் பாக்கியசாலி. புதுப் பிரதிக்கு அந்த மகிமை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதிலுள்ள குறிஞ்சிப்பாட்டிலே, அருவியாடிய பெண்கள் பாறைமேல் குவித்த 99 மலர்களைக் கபிலர் அடுக்கிச் சொல்கிறார். குறிஞ்சி கூடலுக்கும், முல்லை காத்திருத்தலுக்கும், நெய்தல் இரங்கலுக்கும் அடையாளமாக நின்றதனால், நம் புலவர்களின் சிருஷ்டி சக்தி, மனத்தின் அவஸ்தையைப் பூவிடமும் புள்ளிடமும் ஒப்படைத்துவிட்டுத் தான் மௌனம் சாதித்தது. தொல்காப்பியர் இவ்வுத்தியை உள்ளுறை என்பார். பனைமரத்தில் துணையோடு வாழும் அன்றில் நள்ளிரவில் குரலெழுப்பிற்று என்றால் போதும், தலைவி உறங்கவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

செந்தலையும், இறாலைப்போல வளைந்த அலகும் சங்கப் பாட்டிலேயே வர்ணிக்கப்பட்டிருப்பதால், அப்பறவை அரிவாள்மூக்கன் இனமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். வயலோரத்தில் அதைக் கண்டால், சற்று நின்று அதன் தலையைக் கவனியுங்கள்.