பிரியாவிடைக்கென ஓர் ஆட்டமா?

(எமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வயது சென்ற கிரிக்கெற் நட்சத்திரம் ஒருவருக்கு நாட்டின் அணியிலே பிரியாவிடை ஆட்டமொன்று அளித்தல் தகுமா?" என்பது இன்று நமக்குத் தரப்பட்ட பொருள். விளையாட்டைப் பற்றிய சிறு வினாவென்றே இது முதலில் தோன்றும். உற்று நோக்கினாலோ, நன்றிக்கும் நீதிக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கொன்று, இன்று மைதானத்தின் உடையணிந்து வந்திருக்கிறது என்பது புலனாகும்.

வாவியிலே தோணியைச் செலுத்துவதும் துடுப்பு. மைதானத்திலே பந்தை அடிப்பதும் துடுப்பு. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு வழங்கும் நமக்கு இவ்வினா எளிதில் விளங்க வேண்டும். ஐம்பது ஆண்டுகள் தோணி விட்ட கிழவனாரை ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஆயினும் காற்று மாறி அலை எழும் வேளையில் அவர் கையில் துடுப்பைக் கொடுப்பார் உண்டா? தோணியில் மற்றவர்களும் அல்லவா இருக்கிறார்கள்!

இவ்வழக்கு நமது நாட்டிலேயே ஒருமுறை எழுந்தது. 2011 ஆம் ஆண்டு யூன் மாதம் இங்கிலாந்து சென்றிருந்த இலங்கை அணியில் சனத் ஜயசூரிய சேர்க்கப்பட்டார். ஓர் இருபது ஓவர் ஆட்டம், அதன்பின் முதலாவது ஒருநாள் ஆட்டம், அத்துடன் ஓய்வு என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தன. 2009 இன் பின் ஒருநாள் அணியில் ஆடாதவர். 2011 உலகக் கிண்ண அணியிலும் இடம்பெறாதவர். அத்துடன் 2010 முதல் மாத்தறை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர். யூன் 28 இல் லண்டன் ஓவல் மைதானத்தில் அவர் தமது இறுதி ஆட்டத்தை ஆடினார். எடுத்த ஓட்டங்கள் இரண்டு. இலங்கை அணி 121 ஓட்டங்களுக்குள் சுருண்டு, 110 ஓட்டங்களால் தோற்றது.

அவரைக் குறை கூறுதல் நமது நோக்கமன்று. அவர் செய்த உபகாரம் சிறிதா? 1996 இல் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. 1997 இல் கொழும்பிலே இந்தியாவுக்கு எதிராக 340 ஓட்டங்கள் குவித்தார். அவ்வாட்டத்தில் இலங்கை 6 விக்கெற் இழப்புக்கு 952 ஓட்டங்கள் என்ற மலையை எழுப்பியது. 445 ஒருநாள் ஆட்டங்களில் 13,430 ஓட்டங்களும் 323 விக்கெற்றுகளும் அவர் கணக்கில் உள்ளன. முதல் பதினைந்து ஓவர்களில் எவ்வாறு ஆடுவது என்பதை உலகத்துக்கே மாற்றிக் காட்டியவர்களில் ஒருவர். நாம் பிறப்பதற்கு முன் நடந்த அந்த 1996 ஆம் ஆண்டு வெற்றியைப் பற்றிப் பெரியோர் இன்றும் முகம் மலர்ந்து பேசக் கேட்கிறோம். போர் நடந்த அக்காலத்தில் மகிழ்வதற்குக் கிடைத்த செய்திகள் மிகச் சிலவே.

ஆதலின் பெரியோர் கேட்கலாம்: "இவ்வளவு கொடுத்தவனுக்கு ஓராட்டம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" இவ்வினாவைத் தள்ளிவிட முடியாது. பிரியாவிடை, போகின்றவருக்கு மட்டும் உரியதன்று. இருந்து பார்க்கின்றவர்க்கும் உரியது. 2013 நவம்பரில் சச்சின் ரெண்டுல்கர் தமது இருநூறாவது ரெஸ்ற் ஆட்டத்தைச் சொந்த நகராகிய மும்பாயில் ஆடி, 74 ஓட்டங்கள் எடுத்து விடைபெற்றார். மகன் ஆடுவதை ஒருநாளும் மைதானத்தில் வந்து பார்த்திராத அவருடைய தாயார் அன்றுதான் வந்திருந்து பார்த்தார். அக்காட்சியைக் கண்டு கண் கலங்காதவர் குறைவு. இப்படிப்பட்ட ஒரு நாளை வீணென்று சொல்ல நமக்கு மனம் வராது.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டின் அணியில் இருக்கும் இடங்கள் பதினொன்றுதாம். பன்னிரண்டாவது இலை போட முடியாத பந்தி அது. ஒருவரை உபசாரத்துக்காக அமர்த்தினால் இன்னொருவர் பசியோடு எழுந்து நிற்கிறார். நிற்பவரின் பெயரைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. அவருக்கு மாலையுமில்லை, கரகோஷமுமில்லை. ஆனால் இழப்பு அவருடையது.

முதலாட்டம் எத்துணை அரியது என்பதற்குக் கொழும்பு பி. சரவணமுத்து மைதானமே சாட்சி. 1948 மார்ச்சில், மகாதேவன் சதாசிவம் தலைமையில் இலங்கை அணி பிரட்மனின் அவுஸ்திரேலிய அணியை எதிர்த்து அங்கு ஆடியது. அதற்கு முந்திய ஆண்டில் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த வீரர் சதாசிவம். ஆனால் இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி கிடைத்தது 1981 இலேதான்; அதற்கு முன்பே, 1977 இல், அவர் மறைந்துவிட்டார். பிரியாவிடை ரெஸ்ற் இருக்கட்டும், முதல் ரெஸ்ற்றே அவருக்கு வாய்க்கவில்லை. அதே மைதானத்தில் 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது ரெஸ்ற் நடந்தபோது, பதினெட்டு வயது மாணவர் அர்ஜுன ரணதுங்கவுக்கு இடம் கொடுத்தார்கள். இலங்கைக்காக முதல் அரைச் சதம் அடித்தவர் அம்மாணவரே. அன்று அந்த இடத்தை யாரேனும் ஒரு மூத்தவருக்கு மரியாதைக்காகக் கொடுத்திருந்தால், 1996 இல் கிண்ணத்தை ஏந்திய தலைவர் எங்கிருந்து வந்திருப்பார்?

இனி, தகுதியோடு விடைபெறுதல் எப்படியென்பதையும் காண்போம். 2010 யூலையில் முத்தையா முரளிதரன், இந்தியாவுக்கு எதிரான தொடரின் முதலாவது ரெஸ்ற்றோடு ஓய்வு பெறுவதாக முன்னரே அறிவித்தார். அப்போது அவர் வீழ்த்தியிருந்த விக்கெற்றுகள் 792. தொடர் முழுவதும் ஆடினால் எண்ணூறு எளிதில் வந்துவிடும். அவரோ ஓராட்டத்தையே தமக்கு எல்லையாக வைத்துக்கொண்டார். காலி மைதானத்திலே முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் மூன்று என எட்டும் வீழ்ந்தன. எட்டாவது விக்கெற் இந்தியாவின் இறுதித் துடுப்பாட்டக்காரர் ஓஜா. இலங்கை பத்து விக்கெற்றால் வென்றது. அவ்விடத்தை அவருக்கு எவரும் தானமாகக் கொடுக்கவில்லை. அன்றும் அந்நாட்டின் முதற் பந்துவீச்சாளர் அவரே. லசித் மாலிங்க 2019 யூலை 26 இல் கொழும்பில் தமது கடைசி ஒருநாள் ஆட்டத்தை ஆடியபோதும், மூன்று விக்கெற்றுகளை வீழ்த்தி, வெற்றியிலே விடைபெற்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2012 ஓகஸ்ற்றில் வி. வி. எஸ். லக்ஷ்மண் நியூசிலாந்துக்கு எதிரான ரெஸ்ற் தொடருக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்தார். முதலாட்டம் அவருடைய சொந்த ஊராகிய ஹைதராபாத்தில். அதில் ஆடி மாலையேற்று விலகியிருக்கலாம். அவரோ தொடர் தொடங்குமுன்பே ஓய்வை அறிவித்து, இடத்தை இளையவர்க்கு விட்டுக்கொடுத்தார். தமிழ்நாடு தந்த இரவிச்சந்திரன் அஸ்வின், 537 ரெஸ்ற் விக்கெற்றுகள் எடுத்த பின், 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் தொடரின் நடுவே விடைபெற்றார். சேப்பாக்கத்தில் அவருக்கெனக் கடைசி ரெஸ்ற் எதுவும் நடக்கவில்லை. 2015 இல் சங்கக்கார தமது இறுதித் தொடரை ஆடியபோது நான்கு இன்னிங்ஸிலும் அவரை ஆட்டமிழக்கச் செய்தவர் இந்த அஸ்வினே. பிரியாவிடை பெற்றவரும் பெறாதவரும் ஒரே ஆடுகளத்தில் எதிரெதிரே நின்றார்கள். இருவருள் எவருடைய புகழாவது இதனாற் குறைந்ததா? இல்லை.

பிரியாவிடை ஆட்டம் புகழைக் கூட்டும் என்பதும் உறுதியன்று. 1948 ஓகஸ்ற் 14 இல் பிரட்மன் தமது இறுதி இன்னிங்ஸ் ஆட வந்தார். சராசரி நூறாக நிற்க வேண்டின் நான்கு ஓட்டங்கள் போதும். ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் ஆட்டமிழந்தார், ஓட்டம் பூச்சியம், சராசரி 99.94. அந்தப் பூச்சியத்தினால் அவர் பெருமை இம்மியும் குன்றவில்லை. புகழ் முன்னமே சம்பாதிக்கப்பட்டது. கடைசி நாளை நம்பி அது நிற்பதில்லை.

ஆதலின் நமது முடிவு இதுவாகும். இன்றைய வேலையை இன்று செய்யவல்லவர், தமது இறுதி நாளைத் தாமே குறித்துக்கொண்டு ஆடட்டும். அவர்க்கு எழுந்து நின்று கைதட்டுவோம். அவ்வலிமை நீங்கியவர்க்கு நாட்டின் அணியிலே இடம் கொடுத்தல் தகாது. நன்றி செலுத்த வேறு வழிகள் ஏராளம். இங்கிலாந்திலே நெடுங்காலம் ஆடிய மாகாண வீரர்களுக்காகத் தனி ஆட்டம் நடத்தி, வரும் பணத்தை அவர்க்கே கொடுக்கும் வழக்கம் பழைமையானது. இலங்கையும் அவுஸ்திரேலியாவும் ஆடும் ரெஸ்ற் தொடரின் கிண்ணம் வோர்ன், முரளிதரன் என்னும் இருவர் பெயரையும் தாங்குகிறது. நமது பட்டினத்திலேயே, அமெரிக்காவிலிருந்து வந்து நம் மாணவரை விளையாட்டிலே பயிற்றிய வெபர் அடிகளாரின் பெயரை ஒரு மைதானம் தாங்கி நிற்கிறது. அவர் பெயரால் அங்கு எந்தப் பிள்ளையும் இடமிழக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இடம் பெறுகிறார்கள். நன்றியின் சிறந்த வடிவம் இதுவன்றோ?

நமது கூத்துக் களரியையும் நினைத்துப் பாருங்கள். சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று இளையவன் களரிக்கு வரும் ஒவ்வொரு படிக்கும் நம் முன்னோர் சடங்கு வைத்தார்கள். ஆடி முதிர்ந்தவர் அண்ணாவியாராகி மத்தளம் எடுக்கிறார். ஆட்டத்தை விட்டாலும் அவர் களரியை விடுவதில்லை. அவர் தாளத்துக்கே மற்றவர் கால் அசைகிறது.

ரெஸ்ற் ஆட்டம் நடந்த மைதானம் ஒன்றும் நம் கிழக்கு மாகாணத்தில் இல்லை. இங்கிருந்து ஒரு பிள்ளை நாட்டின் அணிக்குள் நுழைய வேண்டுமாயின் கடக்க வேண்டிய தூரம் மற்றவரைவிட அதிகம். அத்தூரத்தைக் கடந்து வாசலில் நிற்கும் நாளில், உள்ளே உபசாரத்துக்காக ஒருவர் அமர்ந்திருக்கக் கூடாது. இது கொழும்பிலுள்ள தெரிவாளருக்கு மட்டும் சொல்லும் சொல்லன்று. நம் ஊர்க் கழகங்களிலும் மரியாதைக்காக மூத்தவர் துடுப்பெடுக்க, வல்ல பையன் எல்லைக்கோட்டில் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பதை நாம் காணாமலில்லை. வாலிபர் சங்கங்களின் நிருவாக சபைகளில் வாலிபர் எத்தனை பேர் என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பெரியோர் இதைப் பிழையாகக் கொள்ளமாட்டார்கள். நாங்கள் கேட்பது அவர்கள் விலக வேண்டுமென்றன்று, அண்ணாவியாராக வேண்டுமென்றே.

வாலிப நண்பர்களே, நமக்கும் ஒரு கடன் உண்டு. இடம் கேட்பவன் அதற்குத் தகுதியுடையவனாக வர வேண்டும். அந்த இடத்தைத் தன் தோளில் தாங்கி வந்தவரை மறவாதவனாகவும் இருக்க வேண்டும். அவ்வாறு நாம் வருவோமாயின், துடுப்பைக் கைமாற்றிக் கொடுக்கும் அந்நாளே மூத்தவர்க்கு நிறைவான பிரியாவிடையாகும்.