காயம் ஆறிய பின்

(மாத்தூரில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிஞர்களின் ஏடுகளில் புலி மலிந்து கிடக்கிறது. வீரத்தைச் சொல்ல வேண்டின் புலி. சினத்தைச் சொல்ல வேண்டின் புலி. மேடைக்கு வரும் தலைவரை வாழ்த்த வேண்டின் அப்போதும் புலியே. கிழக்கே கடலும் மேற்கே ஏரிகளும் இடையே மணலியின் ஆலைப் புகைபோக்கிகளுமாக அமைந்த மாத்தூர்ப் பக்கத்தில், கூண்டுக்கு வெளியே புலியைக் கண்டவர் அரியர். காணாததைப் பாடுதல் குற்றமன்று. ஆயினும், கொல்லும் விலங்கை மெய்யாகவே எதிர்கொண்ட மக்கள் அதனைப் பற்றி எவ்வாறு பேசினர், எவ்வளவு பேசினர் என்பது கவிதை எழுதுவோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இக்கடற்கரைக்கு நெருக்கமான சான்று ஒன்று குறுந்தொகையிலேயே இருக்கிறது. கல்லாடனார் பாடிய 269ஆம் பாடல், நெய்தல் திணை. வலிய சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் நீலக் கடலுக்குள் போய்விட்டான். தாயோ உப்பைக் கொடுத்து நெல் வாங்கி வர உப்பளத்துக்குச் சென்றிருக்கிறாள். வீட்டில் எவருமில்லை. ஆகவே, இப்போது வந்தால் இவளைக் காண்பது எளிது என்று தலைவனிடம் சென்று சொல்வார் ஒருவர் கிடைத்தால் நன்றாயிருக்குமே என்கிறாள் பாட்டில் பேசுபவள். பாடல் அவ்வளவே.

சுறா எப்படி வந்தது, எங்கே கடித்தது, குருதி எவ்வளவு போயிற்று, ஊர் எப்படி அலறியது என்பவற்றுள் ஒன்றேனும் பாட்டில் இல்லை. தாக்குதல் ஒரு சிறு தொடருக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் முற்றாத தொடர். முற்றும் வினை, கடல் புகுந்ததுதான். ஆயினும் அந்தச் சிறு தொடருக்குள் ஒரு குடும்பத்தின் பல நாட்கள் இருக்கின்றன. காயம் ஆறும் வரை தந்தை வீட்டிலேயே கிடந்தான். அதுவரை அவள் தலைவனைக் காண வழியில்லை. அச்சம் பாட்டிலிருந்து விலக்கப்படவில்லை. நாள் கணக்காக மாற்றப்பட்டிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய உப்பள நிலத்தில் ஒரு பகுதி இன்று துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் போய்விட்டது. எனினும் தந்தை கடலுக்கும் தாய் உப்பளத்துக்கும் போகும் வீடு எப்படி இருந்திருக்கும் என்பதைத் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட குப்பங்களில் உள்ளோர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

குறிஞ்சிப் பாடல்களிலும் இதே சிக்கனம் உண்டு. குறுந்தொகை 47ஆம் பாடலில் நெடுவெண்ணிலவினார் காட்டும் புலி, புலியே அன்று. வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் உருண்டைப் பாறை நிலவொளியில் புலிக்குட்டியாகத் தோன்றுகிறது. இரவில் காட்டுவழியே வரும் காதலனை நினைத்துக் கலங்கும் மனத்துக்கு அந்தத் தோற்றமே போதும். காட்டில் நடந்தவர்க்கு இது மிகையாகத் தோன்றாது. கண்ட விலங்கைவிட, கண்டதாகத் தோன்றிய விலங்கே நெஞ்சை மிகுதியாக உலுக்குவது.

சங்கப் புலிகள் எல்லாமே இவ்வாறு கண்டறிந்தவை என்று சொல்லவும் இயலாது. சோழன் நல்லுருத்திரன் பாடிய புறநானூறு 190இல், தான் வீழ்த்திய பன்றி இடப்பக்கம் விழுந்தமையால் அதனை உண்ணாத புலி, மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்துகிறது. பாடல் பெருமிதம் மிக்கது. புலியோ கற்பனைப் புலி. விழுந்த பக்கம் பார்த்து இரையை விலக்கும் வழக்கம் புலிக்கு இல்லை. கொன்ற இரையைத் தேடி அது திரும்பி வரும். கென்னத் ஆண்டர்சன் முதலிய வேட்டைக்காரர்கள் செத்த மாட்டின் அருகே பரண் கட்டி இரவெல்லாம் காத்திருந்தது அதனால்தான். இன்றைய மேடைப் புலிகளுக்கு மூதாதை நல்லுருத்திரனின் புலியே, நெடுவெண்ணிலவினாரின் பாறையன்று.

புலியொடு பொருது மடிந்தவர்க்கு எடுத்த நடுகற்களும் இவ்விடத்தில் நோக்கத் தக்கன. புலிக்குத்திக் கல் என்று மக்கள் வழங்கும் அக்கற்களில் வீரன் ஒருபுறம் நிற்க, புலி எதிரே எழுந்து நிற்கும். சிற்பிக்கு வேறு வழியில்லை. மாண்டவனுக்குச் செய்யும் மரியாதை அது. ஆனால் புலி பெரும்பாலும் முகத்துக்கு நேரே வருவதில்லை. வங்காளத்துச் சுந்தரவனத்தில் 1986இல் தொடங்கிய ஒரு முயற்சி இதனை நன்கு காட்டும். காட்டுக்குள் செல்லும் தொழிலாளர்கள் பிடரியில் மனித முகமூடி அணிந்து சென்றனர். பின்னாலிருந்தே பாயும் புலி, தன்னைப் பார்க்கும் முகம் இருப்பதாக எண்ணித் தயங்கியது. சில காலம் அது பயன் தந்தது. பிறகு புலிகள் சூழ்ச்சியை அறிந்துகொண்டன என்பர். முதுகுக்கு ஒரு முகம் வைத்துக்கொண்டு தேன் எடுக்கப் போகும் மனிதனைக் காட்டிலும் நடுங்க வைக்கும் படிமம் புதுக்கவிதையில் எளிதில் கிடைப்பதில்லை. அதனை ஆக்கியவர்கள் கவிஞர்கள் அல்லர்.

தமிழ்நாட்டில் 2021இல் நிகழ்ந்ததும் இதற்கு அயலானதன்று. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் டி23 என்று பெயரிடப்பட்ட, வயது முதிர்ந்த ஆண்புலி ஒன்று நால்வரையும் பல மாடுகளையும் கொன்றது. கும்கி யானைகள், மோப்ப நாய்கள், ஆளில்லா வானூர்திகள், மரங்களில் கட்டிய கேமராக்கள் என எல்லாம் இறங்கின. சுடுவதா பிடிப்பதா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஏறத்தாழ மூன்று வாரத் தேடலுக்குப் பின், அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடித்து மைசூருக்குக் கொண்டு சென்றனர். தடம் பார்த்து வழிகாட்டியவர்களுள் முதுமலைப் பகுதிப் பழங்குடியினரும் இருந்தனர். செய்தித்தாள்கள் அதனை ஆட்கொல்லி என்றன. ஆனால் காயம்பட்டு மூப்படைந்த புலி, மானைத் துரத்த மாட்டாமல் மாட்டை நாடும். மாட்டின் பின்னே மனிதன் நிற்பான். மாடு மேய்ப்பவனுக்கு மறுநாளும் மேய்ச்சல் நிலம் அதுவேதான்.

கடலிலோ அச்சத்தைக் கையாளத் தனித் தொழிலே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போரைப் பெருமீன்களிடமிருந்து காக்க மந்திரம் ஓதுவோர் அமர்த்தப்பட்டனர் என்றும், கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது என்றும் எழுதினார். கடற்கட்டி என்று தமிழில் வழங்கிய இம்மந்திரக்காரர்களை ஆங்கிலேயர் ஆட்சியில் எமர்சன் டென்னன்ட் இலங்கைக் கரையிலும் கண்டு 1859இல் வெளிவந்த நூலில் பதிந்தார். பெருங்கூட்டமும் படகுகளின் ஆரவாரமுமே சுறாவை விலக்கியிருக்கும் போலும். அது எவ்வாறாயினும், மார்க்கோ போலோ தரும் ஒரு செய்தி மறக்கக் கூடாதது. பகல் முடிந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், இரவில் எவரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்காதிருப்பதற்காக. பகலில் அடக்கிய சுறாவை இரவில் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள்! அஞ்சிய விலங்கோடு வாழப் பழகியவர்களின் நுட்பம் இது.

பட்டினப்பாலையின் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டனர். அக்கொம்பு வேளாமீனுடையது எனக் கருத இடமுண்டு. அந்த வேளா இன்று இந்தியக் கடல்களில் காண்பதற்கே அரிது. 2001 முதல் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்புப் பெற்றிருக்கிறது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு சுறாவைக் கடலில் எறியும் வழக்கத்துக்கு 2013இல் தடை வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாவைப் புட்டாக்கித் தரும் வழக்கம் மட்டும் கடலோர வீடுகளில் நிலைத்திருக்கிறது. கல்லாடனாரின் தந்தையைக் கடித்த மீனின் இனம், பிள்ளைத்தாய்க்கு மருந்தாகிவிட்டது.

அந்தத் தந்தை அன்று கரை திரும்பினானா என்பதைப் பாடல் சொல்வதில்லை. மகளின் பேச்சில் அதைப் பற்றிய ஐயமும் இல்லை. கட்டுமரம் கரையேறுவதற்குள், உப்பு விற்கப் போனவள் நெல்லோடு வீடு சேர்வதற்குள், தலைவன் வந்துபோக வேண்டும் என்பதே அவள் கணக்கு.